நண்டு கழற்றிய சட்டை: தங்கவயல் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

கோலார் தங்கவயல் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,



ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், மாரிகுப்பம் என எந்தப் பக்கத்துப் பள்ளியானாலும், தமிழ்வழி, கன்னடவழி, ஆங்கிலவழி எதுவானாலும், கணுக்காலிகள் பாடம் வந்தால் கரும்பலகையில் ஒரே வரிதான் ஏறுகிறது: 'கைட்டினால் ஆன புறச்சட்டகம் உடலைப் பாதுகாக்கிறது.' பிள்ளைகள் அதை எழுதிக்கொள்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த மழைக்காலத்திலாவது அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வயல் வரப்பில் நண்டு கழற்றிப்போட்ட சட்டையும், மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்வண்டின் காலிக்கூடும், கல்லிடுக்கில் காய்ந்து கிடக்கும் தேளின் தோலும் உங்கள் வகுப்பு மேசைக்கு வரவேண்டும். எதையும் உயிரோடு பிடிக்க வேண்டாம், எதையும் கொல்லவும் வேண்டாம். அவை தாமாகவே உரித்துப்போட்டவை போதும்.

பிள்ளைகள் மனதில் ஓடு என்பது வெளியே மாட்டிக்கொண்ட கவசம். உள்ளே ஒரு நண்டு, வெளியே ஒரு பெட்டி. உண்மையில் அந்த ஓடுதான் அதன் தோல். எலும்பும் அதுதான். உடம்பின் ஈரம் வற்றாமல் காப்பதும் அதுதான். ஓட்டை எடுத்துவிட்டால் 'உள்ளே இருக்கும் நண்டு' என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், கையில் கொடுத்தால் எளிது.

வீட்டில் நண்டு வாங்கும் நாளில் பிள்ளைகளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். சமைக்கும் முன் பெரிய கொடுக்கின் அசையும் விரலை அடியோடு பிரித்து மெதுவாக இழுத்தால், அதோடு வெள்ளையாக, தட்டையாக, வளையக்கூடிய ஒரு தகடு சதைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வரும். அது எலும்பில்லை. ஓடே உள்பக்கமாக மடிந்து வளர்ந்த பகுதி அது. கொடுக்கை மூடும் தசை அந்தத் தகட்டின் இரண்டு பக்கமும் சாய்வாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் சின்னதாக இன்னொரு தகடு இருக்கும், அது கொடுக்கைத் திறப்பதற்கு. மூடும் தகடு பெரியது, திறக்கும் தகடு சிறியது. நண்டின் பிடி ஏன் அவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கப்படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விரலைப் பிய்க்காமல், கொடுக்கின் அடியை மட்டும் கவனமாக உடைத்து, உள்ளே தெரியும் பெரிய தகட்டை இடுக்கியால் இழுத்தால் செத்த நண்டின் கொடுக்கும் மூடும். ஒரு முறை அதைப் பார்த்த பிள்ளைக்கு, தசை உள்ளே, சட்டகம் வெளியே என்பதை மனப்பாடம் செய்யவேண்டியிருக்காது.

காலின் ஒவ்வொரு கணுவும் ஒரு கீல். ஒரு கீல் ஒரே தளத்தில்தான் மடங்கும். ஆனால் அடுத்தடுத்த கீல்களின் திசை மாறி மாறி அமைந்திருப்பதால் கால் முழுவதும் வேண்டிய பக்கமெல்லாம் திரும்புகிறது. கணுவில் இருப்பதும் அதே ஓடுதான், சுண்ணாம்பு ஏறாமல் மெல்லிய சவ்வாக விடப்பட்ட இடம். சைக்கிளின் சட்டத்துக்கு உருண்டைக் கம்பியை விட்டுவிட்டு உள்ளே காலியான குழாயை ஏன் வைக்கிறார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். அதே எடையுள்ள பொருளைக் கம்பியாக்குவதைவிடக் குழாயாக்கினால் வளைவைத் தாங்கும் வலிமை கூடும். நண்டின் கால் குழாயாக இருப்பதன் கணக்கும் அதுதான்.

அடுத்தது வினிகர். ஒரு துண்டு நண்டோட்டை வினிகரில் போட்டால் உடனே குமிழி கிளம்பும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. ஓரிரு நாள் வினிகரை மாற்றி மாற்றி ஊறவிட்டால் வடிவம் அப்படியே இருக்க, வளைத்தால் உடையாமல் மடங்கும் ஒரு தோல் மிஞ்சும். அந்தத் தோல்தான் கைட்டினும் புரதமும். பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் கரப்பான் சட்டையையோ சில்வண்டுக் கூட்டையோ போடுங்கள். குமிழி வராது, இளகவும் இளகாது. பூச்சிகள் பொதுவாகத் தம் தோலைச் சுண்ணாம்பால் கெட்டிப்படுத்துவதில்லை. பீனால் வகைப் பொருள்களைச் சுரந்து, புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகின்றன. இந்தப் பிணைப்பு வேதியியலை 1940இல் இங்கிலாந்தின் மார்க் பிரையர் விளக்கினார். கரப்பான் சட்டை உரித்தவுடன் பால்போல வெள்ளையாக இருந்து, சில மணி நேரத்தில் பழுப்பாவதைப் பல பிள்ளைகள் வீட்டில் பார்த்திருப்பார்கள். வெள்ளைக் கரப்பான் என்று தனி இனம் கிடையாது, அது இறுகிக்கொண்டிருக்கும் கரப்பான்.

இழைகள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் முக்கியம். ஒரு அடுக்கில் எல்லா இழையும் ஒரே திசையில் கிடக்கும். அடுத்த அடுக்கு சற்றே திரும்பியிருக்கும், அதற்கடுத்தது இன்னும் சற்று. இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகள் சுழன்றுகொண்டே போகும். ஒரு விரிசல் உள்ளே நுழைந்தால் நேராக ஓடமுடியாது, ஒவ்வொரு அடுக்கிலும் திசை திரும்பித் திரும்பித் தன் வேகத்தை இழக்கும். ஈவ் பூலிகாண்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கிய இந்த அடுக்கு முறை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சுரங்கத்துப் பாறை வெடிப்பைப் பற்றிக் கதை கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அழுத்தம் எப்படிப் பரவுகிறது, விரிசல் எங்கே நிற்கிறது என்ற கேள்வி நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது.

தேளுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஜி. கிருஷ்ணன் என்ற அறிஞர் கணுக்காலிகளின் தோலையே தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டிருந்தார். தென்னிந்தியாவின் பெரிய கருந்தேளின் தோலைப் பற்றி 1953இல் எழுதினார். தோலின் ஆக மேலேயுள்ள மெல்லிய அடுக்கில் கைட்டின் இருப்பதில்லை என்பது அன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1955இல் அவரும் ஜி. என். ராமச்சந்திரனும் எம். எஸ். சந்தானமும் சேர்ந்து, கருந்தேளின் மேலடுக்கில் கைட்டின் இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைச் சொன்ன அதே ராமச்சந்திரன்தான். நம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் சுவரோரம் கண்டால் செருப்பைத் தேடும் கருந்தேள் வகை, சேப்பாக்கத்து ஆய்வுக்கூடத்தில் உலக அறிவியலின் ஒரு கேள்விக்கு விடை தந்திருக்கிறது. இந்தச் செய்தி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நீங்கள் சொன்னால்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று பள்ளியில் இருந்தால், இருட்டில் தேளின் உரிந்த தோல்மேல் அடித்துப் பாருங்கள். பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். தோலின் மேலடுக்குகளில் ஒன்றில் படிந்திருக்கும் வேதிப்பொருள்களே அதற்குக் காரணம். இந்த ஒளிர்வு 1954இல் பதிவானது. அந்தப் பொருள்களில் ஒன்றை 1999இல் அடையாளம் கண்டார்கள். புதிதாகச் சட்டை உரித்த தேள் மங்கலாகத்தான் தெரியும், தோல் இறுக இறுகத்தான் ஒளி கூடும். பள்ளி ஆய்வகத்தில் பல வருஷமாகச் சாராயக் குப்பியில் கிடக்கும் தேள் இருந்தால் அதன்மேலும் அடியுங்கள். தேள் மட்டுமல்ல, குப்பியிலுள்ள திரவமே ஒளிரக்கூடும், அந்தப் பொருள் கரைந்து இறங்கியிருப்பதால். தங்கவயல் மண்மேடுகளில் கலந்துள்ள ஷீலைட் என்ற டங்ஸ்டன் கனிமமும் புற ஊதாவில் நீலமாக ஒளிர்வதுதான், ஆனால் அதற்குக் கண்ணைக் கெடுக்கும் குற்றலை விளக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு அது வேண்டாம். இன்னொன்று: தேள்களின் கொட்டு முனையிலும் கொடுக்கின் பற்களிலும் துத்தநாகம், மாங்கனீசு போன்ற உலோகங்கள் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேய்ந்துபோகும் முனைகளுக்கு மட்டும் உலோகம். பாறையிலிருந்து உலோகம் பிரித்த ஊரில் இதைச் சொல்லாமல் விடலாமா?

இனி, தூசு. இது தங்கவயலில் பேசியே ஆகவேண்டிய விஷயம்.

பூச்சியின் தோலுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. அத்தனை சிறிய உடம்பு நம் வெயிலில் உலர்ந்துபோகாமல் இருப்பது அந்த மெழுகால்தான். 1940களில் வி. பி. விகிள்ஸ்வொர்த், கரகரப்பான நுண்தூளின்மேல் பூச்சியை ஊர்ந்து போகவிட்டார். தூள் மெழுகைக் கீறிவிட, பூச்சி உடம்பின் நீரை வேகமாக இழந்தது. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஜும்தாரும் சுப்ரமணியனும் அவர்களோடு இருந்தவர்களும், கரித்தூளும் களிமண் தூளும் தானியப் பூச்சிகளைக் கொல்வதைப் பற்றி 1959இல் எழுதினார்கள். நம் பக்கத்து வீடுகளில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துச் சேமிப்பது இதற்கெல்லாம் முந்தைய வழக்கம். வண்டு விழாமல் அந்த மண் காப்பதில், மெழுகைக் கீறியும் உறிஞ்சியும் பூச்சியை உலர்த்துவதற்கும் பங்கு உண்டு. பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள், நல்ல பாடமாக இருக்கும்.

சுரங்கத்துப் பாறைத்தூள் மனிதனைக் கொல்லும் வழி வேறு. நம் தாத்தாக்களின் தோலை அது ஒன்றும் செய்யவில்லை, மூச்சுவழி போய் நுரையீரலில் தங்கியது. சிலிகோசிஸ் என்ற இந்த நுரையீரல் நோய் இந்தியாவில் மருத்துவப் பதிவுக்கு வந்தது 1947இல், கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்து என்றுதான் மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. இருமல் அன்று நின்றுவிடவில்லை. மேல்தோல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மூச்சு நுழையும் வாசல் திறந்துதானே இருக்கவேண்டும்? பூச்சி அந்த வாசலையும் தன் ஓட்டாலேயே மெழுகிவைத்திருக்கிறது. சில்வண்டின் காலிக்கூட்டைப் பிளந்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மெல்லிய வெள்ளை நூல்கள் தொங்குவது தெரியும். அவை மூச்சுக்குழல்களின் உள்தோல். சட்டை உரிக்கும்போது பூச்சி அதையும் சேர்த்து உரித்துவிடுகிறது. மனித நுரையீரலுக்கு அந்த வசதி கிடையாது. காலாண்டு மதிப்பெண்ணுக்காக இல்லாவிட்டாலும், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் தூசு கிளம்பும் கோடையில் மூக்கை மூடிக்கொள்ள வேண்டியதன் காரணம் பிள்ளைகளுக்கு விளங்குவதற்காகவாவது இதைச் சொல்லுங்கள்.

சட்டை உரித்தல்தான் இந்தப் பாடத்தின் உயிர். 'கணுக்காலிகள் தோலுரித்து வளர்கின்றன' என்று ஒரே வரியில் பாடப்புத்தகம் அதைக் கடந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இறுகிய ஓடு வளராது. உள்ளே உடம்பு வளரவேண்டுமானால் காவலைக் கழற்றியே ஆகவேண்டும். அதற்கான ஏற்பாடு பல நாள் முன்பே தொடங்கிவிடும். பழைய ஓட்டுக்கு அடியில் புதிய தோல் மடிப்பு மடிப்பாக உருவாகும். பழைய ஓட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்ததை நண்டு உறிஞ்சிக்கொள்ளும். தின்பதை நிறுத்திவிடும். பெரிய கொடுக்கின் சதை, மெல்லிய கணு வழியாக உருவிக்கொண்டு வரவேண்டுமே! அதற்காகச் சில நண்டுகளில் கொடுக்குத் தசை பாதியளவுக்குக் கரைந்து சிறுத்துப்போகிறது. பிறகு தண்ணீரை உள்ளிழுத்து ஊதும். முதுகோட்டுக்கும் வயிற்று மடலுக்கும் நடுவே பின்பக்கம் விரிசல் விழும். அதன் வழியே நண்டு பின்னோக்கி வெளியேறும். கால்களை மட்டுமல்ல, கண்ணின் மேலுறை, செவுளின் உறை, இரைப்பையில் உணவை அரைக்கும் பற்கள்வரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் வரும். வரப்பில் கிடைத்த முழுச் சட்டையைக் கவனமாகத் திறந்தால் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெளியே வந்த நண்டை விரலால் அழுத்தினால் குழையும். சந்தையில் இதைத் தண்ணி நண்டு என்று ஒதுக்குவார்கள், உள்ளே சதையைவிட நீர்தான் அதிகம். ஓடு இல்லாத அந்த நேரத்தில் அது எப்படி நடமாடுகிறது என்ற கேள்விக்கு 2003இல்தான் தெளிவான விடை கிடைத்தது. ஜெனிஃபர் டெய்லர், வில்லியம் கியர் என்ற இருவர் அமெரிக்க நீலநண்டை அளந்து பார்த்து, உள்ளேயுள்ள நீரின் அழுத்தமே அப்போது சட்டகமாகிறது என்று காட்டினார்கள். ஓடு இறுகியதும் தசை மறுபடி ஓட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே உயிர், இரண்டு விதச் சட்டகம். கடல்நண்டுகள் பலவற்றில் பெண் சட்டை உரித்த உடனே இணைசேரும். அது இறுகும்வரை ஆண்நண்டு அதைத் தன் காலுக்குள் அணைத்துக் காவல் இருக்கும்.

எப்போது உரிப்பது என்ற கட்டளை கண்காம்பிலிருந்து வருகிறது. அங்கே சுரக்கும் ஹார்மோன் ஒன்று உரிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். அது குறையும்போது உரிப்பதற்கான ஹார்மோன் மேலெழும். இதை நம் வயல் நண்டான ஓசியோதெல்ஃபூசா செனெக்ஸிலேயே ஆராய்ந்தவர்கள் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தார். தங்கவயலிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். பிள்ளைகளை அழைத்துப்போக ஆசைப்படும் ஆசிரியர் இருந்தால் நான் மிகவும் மகிழ்வேன். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்த ஊர் நம்முடையது. வரப்பு நண்டை ஆராய நம் பிள்ளைகளுக்குத் தகுதி இருக்கிறது.

நன்னீர் நண்டுக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஏரித் தண்ணீரில் பொதுவாக அதில் சிறு பங்குதான். ஆகவே கிடைக்கும் சுண்ணாம்பை வீணாக்க முடியாது. உடம்புக்குள் கொஞ்சம் சேமிக்கும், கழற்றிய சட்டையையே தின்று மீதியை ஈடுகட்டும். நம் பக்கத்துப் பேத்தமங்கலா ஏரிக்கும் அதைச் சுற்றிய வயல்களுக்கும் இப்போது எந்தத் தண்ணீர், எதைக் கலந்துகொண்டு வருகிறது என்பது அதனால்தான் எனக்குக் கவலை தருகிறது. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு வருகிறது. அதோடு, கோலார் தக்காளி நாடு. தக்காளிப் புழுவுக்கு அடிக்கும் மருந்துகளில் நோவலூரான் போன்றவை கைட்டின் உருவாவதையே தடுப்பவை. புழு சட்டை உரிக்கும் நேரத்தில் புதிய தோல் உருவாகாமல் செத்துப்போகும். மனிதருக்கும் மாட்டுக்கும் கைட்டின் இல்லாததால் இந்த மருந்தின் இந்த வேலை நம்மிடம் பலிக்காது. ஆனால் நண்டுக்கும் இறாலுக்கும் கைட்டின் இருக்கிறதே. வடிகாலில் கலந்து ஏரிக்குப் போனால் அவற்றின் குஞ்சுகளுக்கு அது நல்லதல்ல. பாதி உரித்த நிலையில் சட்டைக்குள்ளேயே சிக்கிச் செத்த நண்டைக் கண்டால் பிள்ளைகள் இடத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். பக்கத்து வயலில் என்ன பயிர், எப்போது மருந்தடித்தார்கள் என்பதையும் விவசாயியிடம் மரியாதையாகக் கேட்டு எழுதட்டும். இரண்டு மூன்று பருவம் சேர்ந்தால் அது யாரும் தட்டிக்கழிக்க முடியாத பதிவாகிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கல்லைக் கையால் புரட்டக்கூடாது. பெரிய கருந்தேளின் கொட்டு வலிக்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. சிறியதாக, கொடுக்கு மெலிந்து, செம்பழுப்பாக இருக்கும் செந்தேள் அப்படியல்ல, குழந்தைகளின் உயிரையே வாங்கக்கூடியது. மகாராஷ்டிரத்தின் மகாடில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற மாத்திரையைக் கொடுத்து செந்தேள் கொட்டுவதால் வரும் சாவுகளை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். ஆகவே கொட்டியவுடன் மந்திரிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எந்தத் தேளானாலும் உயிரோடு வகுப்புக்கு வரக்கூடாது.

சேகரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கிடைத்த சட்டையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பஞ்சு போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். இடம், தேதி, எடுத்த பிள்ளையின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள், மை கலைந்துவிடும். எறும்பு வராமல் இரண்டு கற்பூரத் துண்டு போதும். ஃபார்மலினில் மட்டும் போடாதீர்கள், அது நாளடைவில் அமிலமாகி ஓட்டிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். வரப்பில் காய்ந்து கிடக்கும் சட்டையை எடுக்கலாம். தண்ணீருக்குள் புதிதாகக் கிடப்பதை எடுக்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உரித்த நண்டு பக்கத்து வளையிலேயே பதுங்கியிருக்கும், பசிக்கும்போது வந்து அதைத் தின்னும்.

அன்புடன்,
உரிகம் லைனில் பிறந்து, விலங்கியல் படித்த உங்கள் ஊர்க்காரி